யார் எழுதிய இசை? பிங்க் ஃப்ளாய்டின் முற்கால, பிற்கால ஆல்பங்கள்

கேள்வி

பிங்க் ஃப்ளாய்டின் முதல் ஆல்பமான 'தி பைப்பர் அட் த கேட்ஸ் ஆஃப் டான்' 1967 ஆகஸ்டில் வெளிவந்தது. 'தி வால்' இரட்டை ஆல்பம் 1979 நவம்பர் 30 அன்று வெளிவந்தது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்பவருக்கு, உறையில் ஒரே குழுவின் பெயர் இருப்பது நம்பக் கடினமாக இருக்கும். முதலாவதில் பூனை, குள்ளன், கொல்லையில் நிற்கும் வைக்கோல் பொம்மை, சைக்கிள் என்று குழந்தைக் கதைகளின் உலகம் விரிகிறது. அதன் நடுவில் ஏறத்தாழ பத்து நிமிடம் எந்தச் சொல்லும் இல்லாமல் கருவிகள் மட்டும் தம்போக்கில் அலைகின்றன. இரண்டாவதில் போருக்குத் தந்தையைப் பறிகொடுத்த ராக் பாடகன் ஒருவன் தன்னைச் சுற்றித் தானே சுவர் எழுப்பிக்கொள்ளும் கதை, 26 பாடல்களில், திரைக்கதையின் ஒழுங்கோடு சொல்லப்படுகிறது. அலைதலுக்கு அங்கே இடமே இல்லை.

பன்னிரண்டு ஆண்டுகளில் ஒரு குழு இவ்வளவு மாறியது எப்படி? இந்தக் கேள்விக்கு ரசிகர்களும் விமர்சகர்களும் பல பதில்கள் சொல்லியிருக்கிறார்கள். அவற்றில் பெரும்பாலானவை ஆட்களின் வரவையும் போக்கையும் வைத்துச் சொல்லப்பட்டவை. இந்தக் கட்டுரை வேறொரு சான்றை முன்வைக்கிறது: ஒவ்வொரு பாடலையும் எழுதியவர் என்று அச்சிடப்பட்ட பெயர்கள். அந்தப் பெயர்களோடு, பாடல்கள் எந்த முறையில் உருவாயின என்பதையும் சேர்த்துப் பார்த்தால், 'முற்காலம், பிற்காலம்' என்ற இரட்டைப் பிரிவே போதாது என்பது புலப்படும்.

இதுவரையிலான விளக்கங்கள்

முதல் விளக்கம் சிட் பாரெட்டை மையமாகக் கொண்டது. குழுவுக்குப் பெயர் சூட்டியவர், தொடக்ககாலப் பாடல்களை எழுதியவர், பாடியவர், கிட்டார் வாசித்தவர் அவர். 1968 ஏப்ரலில் அவர் விலகியது அறிவிக்கப்பட்டது. உண்மையான பிங்க் ஃப்ளாய்ட் அத்தோடு முடிந்துவிட்டது என்று வாதிடுவோர் இன்றும் உண்டு. அவர்கள் காதில் பிற்கால ஆல்பங்கள் கனமானவை, நகைச்சுவை இழந்தவை.

இரண்டாவது விளக்கம் இதற்கு நேர் எதிரானது. 1973 மார்ச்சில் வந்த 'தி டார்க் சைட் ஆஃப் த மூன்' ஆல்பத்தை உச்சமாக வைத்து, அதற்கு முந்தைய ஆறு ஆண்டுகளையும் பயிற்சிக் காலமாகப் பார்ப்பது. அமெரிக்காவின் பில்போர்ட் பட்டியலில் 1973 முதல் 1988 வரை 741 வாரங்கள் இடம்பெற்றிருந்த ஆல்பம் அது. அவ்வளவு பெரிய வெற்றி தனக்கு முன்னால் வந்த அனைத்தையும் வெறும் முன்னோட்டமாக மாற்றிவிடுவது இயல்பே.

மூன்றாவது, தொழில்நுட்பத்தைக் காரணம் காட்டுவது. 1967இல் லண்டனில் ஈஎம்ஐ நிறுவனத்தின் அபே ரோடு ஒலிப்பதிவுக்கூடத்தில் நான்கு தடங்களில் பதிவுசெய்தவர்கள், 1972இல் பதினாறு தடங்களில் பதிவுசெய்தார்கள். சிந்தசைசர் வந்தது. கருவிகள் மாறின, ஆகவே இசையும் மாறியது என்பது வாதம்.

மூன்றிலும் உண்மை இருக்கிறது. ஆனால் மூன்றுமே ஒரு எடுகோளைப் பகிர்ந்துகொள்கின்றன: குழுவின் வரலாறு இரண்டு பாதிகளால் ஆனது, நடுவில் எங்கோ ஒரு கோடு கிழிக்கலாம் என்பது. என் வாதம் வேறு. அந்த வரலாற்றில் மூன்று பகுதிகள் இருக்கின்றன. முதற்பகுதியும் மூன்றாம் பகுதியும், ஒலியில் எவ்வளவு வேறுபட்டாலும், ஒருவரே பெரும்பாலும் எழுதி மற்றவர்கள் வாசித்தவை. இரண்டுக்கும் இடையில் ஏழெட்டு ஆண்டுகள் நால்வரும் சேர்ந்து எழுதினார்கள். பிங்க் ஃப்ளாய்ட் என்றதும் உலகின் நினைவுக்கு வரும் அந்த விரிந்த, பொறுமையான, காத்திருக்கும் ஒலி பிறந்தது அந்த இடைக்காலத்தில்தான்.

பாரெட்டின் ஆண்டு

'பைப்பர்' ஆல்பத்தின் பிரிட்டிஷ் பதிப்பில் பதினொரு பாடல்கள். அவற்றில் எட்டு பாரெட் தனியாக எழுதியவை. ஒன்று ரோஜர் வாட்டர்ஸ் எழுதியது. மீதி இரண்டு மட்டுமே அப்போதைய நால்வரின் பெயரிலும் உள்ளன: பாரெட், வாட்டர்ஸ், கீபோர்டு கலைஞர் ரிச்சர்ட் ரைட், டிரம்ஸ் கலைஞர் நிக் மேசன். ஆக, கூட்டு முயற்சியின் பொற்காலமாகச் சிலர் நினைவுகூரும் அந்த ஆல்பம், எண்ணிக்கையில் பார்த்தால் ஒரு தனிமனிதரின் ஆல்பம்.

அந்தத் தனிமனிதரின் கற்பனை எங்கிருந்து வந்தது என்பதற்கு ஆல்பத்தின் தலைப்பே சாட்சி. கென்னத் கிரஹாம் 1908இல் எழுதிய 'தி விண்ட் இன் த வில்லோஸ்' என்னும் சிறார் நாவலின் ஏழாம் அத்தியாயத்தின் பெயர் அது. கேம்பிரிட்ஜில் வளர்ந்த ஓவிய மாணவரான பாரெட்டுக்கு ஆங்கிலச் சிறார் இலக்கியம் ஒரு தாய்வீடு. அவருடைய பாடல்கள் குறுகியவை. திடீரென்று அடி மாறும், எதிர்பாராத இடத்தில் நின்றுவிடும். தாளத்தைச் சொல் இழுத்துச்செல்லும். சொல்லுக்குத் தேவைப்பட்டால் ஓர் அடி கூடும், ஓர் அடி குறையும்.

ஆனால் மேடையில் நடந்தது வேறு. 1966 டிசம்பரில் லண்டனின் டாட்டன்ஹாம் கோர்ட் சாலையில் தொடங்கிய யூஎஃப்ஓ என்னும் இரவு மன்றத்தில், வண்ண ஒளி பாய்ச்சப்பட்ட மேடையில், 'இண்டர்ஸ்டெல்லர் ஓவர்டிரைவ்' என்ற கருவியிசையை அவர்கள் நீண்ட நேரம் வாசித்தார்கள். ஒரு சிறிய கிட்டார் மெட்டில் தொடங்கி, அதைக் கைவிட்டு, எங்கெங்கோ போய், கடைசியில் அதே மெட்டுக்குத் திரும்புவது அதன் அமைப்பு. ஆல்பத்தில் நால்வரின் பெயரிலும் இருக்கும் இரண்டில் இது ஒன்று. பாடல் பாரெட்டுடையது, அலைதல் எல்லோருடையது. இந்தப் பிரிவினையைக் கவனிக்க வேண்டும். பாரெட் போன பிறகு எஞ்சியது அலைதல்தான்.

ஆல்பத்தின் தயாரிப்பாளர் நார்மன் ஸ்மித், அதற்கு முன் பீட்டில்ஸ் குழுவின் ஒலிப்பதிவாளராக இருந்தவர். பாடல்களைச் சுருக்கி, செதுக்கி, வானொலிக்கு ஏற்ற வடிவில் தருவதில் அவர் தேர்ந்தவர். 1967 ஜூனில் வந்த 'சீ எமிலி ப்ளே' என்னும் ஒற்றைத் தட்டு பிரிட்டிஷ் பட்டியலில் ஆறாம் இடம் வரை போனது. குழு அந்தத் திசையில் தொடர்ந்து போயிருக்கக்கூடும். அதற்குள் பாரெட்டின் மனநிலை சிதைந்தது. போதைப்பொருளும் புகழின் நெருக்கடியும் சேர்ந்து சில மாதங்களில் அவரை மேடையில் நிற்க முடியாதவராக்கின. 1968 ஜனவரியில் கிட்டார் கலைஞர் டேவிட் கில்மோர் ஐந்தாவது ஆளாகச் சேர்க்கப்பட்டார். விரைவில் மீண்டும் நால்வரானார்கள்.

நால்வரின் காலம்

பாடலாசிரியரை இழந்த குழுவுக்குப் பாடல் எழுதத் தெரிந்தவர் யாரும் தயாராக இல்லை. இந்த வறுமைதான் அடுத்த காலகட்டத்தைத் தீர்மானித்தது என்பது என் முடிவு. ஒரு நல்ல மெட்டையும் சொற்களையும் முழுதாகக் கொண்டுவரும் ஒருவர் இல்லாதபோது, ஓர் அறையில் சேர்ந்து உட்கார்ந்து, ஒலியிலிருந்து தொடங்கி, எதையாவது கட்டியெழுப்புவதைத் தவிர வழியில்லை.

1968இல் வந்த 'எ சாசர்ஃபுல் ஆஃப் சீக்ரெட்ஸ்' இதன் முதல் சான்று. ஏழு பாடல்களில் பாரெட்டுடையது ஒன்றே ஒன்று. ஏறத்தாழ பன்னிரண்டு நிமிடம் ஓடும் தலைப்பு இசை நால்வரின் பெயரில் இருக்கிறது. லண்டனின் ரீஜண்ட் ஸ்ட்ரீட் பாலிடெக்னிக்கில் கட்டடக்கலை படித்த வாட்டர்ஸும் மேசனும் இதன் அமைப்பை இசைக்குறிகளால் எழுதாமல் வரைபடமாகத் தாளில் வரைந்துகொண்டார்கள். எங்கே ஒலி உயர வேண்டும், எங்கே அடர்த்தி கூட வேண்டும், எங்கே அடங்க வேண்டும் என்று மேடும் பள்ளமுமாக ஒரு படம். பயிற்சி பெற்ற இசைக்கலைஞர்களுக்கு இது தோன்றியிருக்காது. குழப்பமான இரைச்சலில் தொடங்கி, டிரம்ஸின் சுழற்சி வழியாக, இறுதியில் ஆர்கனும் மனிதக் குரலும் சேர்ந்த ஒரு துதிபோன்ற பகுதியில் அது முடிகிறது. முந்தைய ஆண்டின் அலைதலுக்கு இப்போது ஒரு வடிவம் கிடைத்துவிட்டது.

அடுத்த ஆண்டின் 'அம்மகும்மா' ஒரு சோதனைக்கூட நிரூபணம் போன்றது. இரண்டு தட்டுகள். ஒன்று மேடைப் பதிவு, நால்வரும் சேர்ந்து வாசித்தது. மற்றொன்றில் ஆளுக்கு அரைப்பக்கம் என்று பிரித்துக்கொண்டு நால்வரும் தனித்தனியே இசையமைத்தார்கள். மேடைத் தட்டில் பாரெட் எழுதிய 'அஸ்ட்ரானமி டோமினே' முதல் ஆல்பத்தில் இருந்ததைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு நீண்டு, வேறொரு பாடலாகவே மாறி நிற்கிறது. தனித்தட்டில் சில அழகான இடங்கள் உண்டு, மொத்தத்தில் அது சிதறிக் கிடக்கிறது. பின்னாளில் குழுவினரே அதைப்பற்றி நல்ல சொல் சொன்னதில்லை. அதே நான்கு பேர், அதே ஆண்டு, ஒரே உறைக்குள் இரண்டு தட்டுகள்: சேர்ந்தபோது ஒன்று, பிரிந்தபோது வேறொன்று. ஒப்பாய்வுக்கு இதைவிடத் தெளிவான சான்று ராக் இசையில் அரிது.

1970இன் 'ஆட்டம் ஹார்ட் மதர்' ஆல்பத்தைச் சுருக்கமாகக் கடந்துவிடலாம். உறையில் ஒரு பசு, உள்ளே பித்தளை ஊதுகருவிகளும் பாடகர் குழுவும் சேர்ந்த நீண்ட இசை. அதைச் சீரமைத்தவர் ரான் கீசின், அவர் பெயரும் ஆசிரியர் பெயர்களில் ஒன்றாக இருக்கிறது. பிரிட்டனில் அது முதலிடம் பிடித்தது. ஆனால் கூட்டு முயற்சி மட்டுமே நல்ல இசைக்கு உத்தரவாதம் ஆகாது என்பதற்கும் அதுவே சான்று. அதன் பல பகுதிகள் ஒட்டுப்போட்டவைபோல் நிற்கின்றன.

தங்கவேண்டிய இடம் 1971இன் 'மெடில்'. அந்த ஆண்டின் தொடக்கத்தில் எந்தப் பாடலும் கையில் இல்லாமல் ஒலிப்பதிவுக்கூடத்துக்குப் போனார்கள். தோன்றியதையெல்லாம் துண்டு துண்டாகப் பதிவுசெய்தார்கள். அந்தத் துண்டுகளுக்கு 'ஒன்றுமில்லை' என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லையே பெயராக வைத்து, 1 முதல் 24 வரை எண்ணும் கொடுத்தார்கள். அவற்றில் உருப்படியாகத் தேறியது ரைட் தன் பியானோவில் தட்டிய ஒரே ஒரு சுரம். அதைச் சுழலும் லெஸ்லி ஒலிபெருக்கி வழியாக அனுப்பியபோது, நீருக்கடியிலிருந்து வரும் சமிக்ஞைபோல் கேட்டது. அந்த ஒற்றைச் சுரத்திலிருந்து வளர்ந்ததுதான் இருபத்துமூன்றரை நிமிடம் ஓடி, ஆல்பத்தின் இரண்டாம் பக்கம் முழுவதையும் நிறைக்கும் 'எக்கோஸ்'. ஆசிரியர்கள் நால்வர். பாடுபவர்கள் கில்மோரும் ரைட்டும், இரு குரலும் பிரித்தறிய முடியாதபடி கலந்து. நடுவில் பறவையின் ஓலம்போல் கேட்கும் ஒலி, கில்மோர் தன் வா-வா பெடலில் கம்பிகளைத் தலைகீழாகச் செருகியதால் பிறந்தது. ஒருவரின் தவறு இன்னொருவரின் யோசனையாகிறது, அது மூன்றாமவரின் தாளத்தில் நிலைகொள்கிறது. தனியாக உட்கார்ந்து எழுதும் எவராலும் 'எக்கோஸ்' எழுதியிருக்க முடியாது.

வாட்டர்ஸ் எழுதிய சொற்கள் இங்கே முதன்முறையாக விண்வெளியை விட்டுத் தரைக்கு வருகின்றன. தெருவில் எதிர்ப்படும் இரு அந்நியரின் பார்வை சந்திப்பது பற்றிய பாடல் அது. பின்னர் 'டார்க் சைட்' ஆல்பத்தில் முழுமை பெற்ற அக்கறையின் விதை இதில் இருக்கிறது.

'டார்க் சைட்' உருவான விதம் இந்த வாதத்துக்கு முக்கியமானது. எல்லாச் சொற்களையும் ஒருவரே எழுதிய முதல் பிங்க் ஃப்ளாய்ட் ஆல்பம் அது, அவர் வாட்டர்ஸ். இதை வைத்து, அவருடைய ஆட்சி இங்கேயே தொடங்கிவிட்டது என்று சொல்வோர் உண்டு. இசையின் ஆசிரியர் பெயர்களைப் பார்த்தால் அப்படிச் சொல்ல முடியாது. 'டைம்' நால்வருடையது. 'தி கிரேட் கிக் இன் த ஸ்கை' ரைட்டுடையது. 'எனி கலர் யூ லைக்' கில்மோர், மேசன், ரைட் மூவருடையது. 'அஸ் அண்ட் தெம்' ரைட்டும் வாட்டர்ஸும் சேர்ந்தது. அதன் மெட்டுக்கும் ஒரு முன்கதை உண்டு. மிக்கேலாஞ்சலோ அண்டோனியோனியின் 'சப்ரிஸ்கி பாயிண்ட்' படத்துக்காக ரைட் அமைத்த பியானோ இசை அது. இயக்குநர் வேண்டாமென்று ஒதுக்கினார். ஒதுக்கப்பட்ட அந்த இசைதான் பிறகு போரையும் வறுமையையும் பற்றிய வாட்டர்ஸின் சொற்களைத் தாங்கியது. சொல்லுக்கும் இசைக்கும் இடையே விழும் அந்த நீண்ட இடைவெளிகள் ரைட்டின் கொடை. அவை இல்லாமல் அந்தச் சொற்கள் வெறும் பிரசங்கமாகியிருக்கும் என்பது என் உறுதியான எண்ணம்.

மேலும், இந்த ஆல்பம் பதிவுக்கூடத்துக்கு வருவதற்கு முன் மேடையில் வளர்ந்தது. 1972 ஜனவரி 20 அன்று பிரைட்டனிலும், பிப்ரவரியில் லண்டன் ரெயின்போ அரங்கிலும், ஆல்பம் வெளிவர ஓராண்டுக்கு மேல் இருக்கும்போதே, அதன் இசையைப் பார்வையாளர்முன் வாசித்தார்கள். மேடையில் பலன் தராத பகுதிகள் மாற்றப்பட்டன. கிட்டாரும் கீபோர்டும் மோதிக்கொள்ளும் ஒரு நீண்ட பகுதி நீக்கப்பட்டு, அந்த இடத்தில் சிந்தசைசரில் சுழலும் 'ஆன் த ரன்' வந்தது. யூஎஃப்ஓ மன்றத்தின் பழக்கம் இங்கே தொடர்கிறது: முதலில் மேடை, பிறகு தட்டு.

1975இன் 'விஷ் யூ வேர் ஹியர்' இந்தக் காலத்தின் கடைசி ஆல்பம். அதன் பெரும்பகுதியை நிறைக்கும் 'ஷைன் ஆன் யூ க்ரேஸி டைமண்ட்' 1974இலேயே மேடையேறியது. கில்மோரின் கிட்டாரில் வரும் நான்கு சுரங்களிலிருந்து அது வளர்ந்தது, 'எக்கோஸ்' ஒற்றைச் சுரத்திலிருந்து வளர்ந்ததைப் போல. சொற்கள் பாரெட்டைப் பற்றியவை. அந்தப் பாடலின் ஒலிக்கலவை நடந்துகொண்டிருந்த 1975 ஜூன் 5 அன்று, தலையும் புருவமும் மழித்து, உடல் பருத்து, யாரென்று அடையாளம் தெரியாத நிலையில் பாரெட் அபே ரோடுக்கு வந்தார். இந்தச் சம்பவத்தைச் சொல்லாமல் குழுவின் வரலாற்றை யாரும் எழுதுவதில்லை. அதன் துயரத்தில் ஒரு விஷயம் கவனம் பெறாமல் போகிறது: அந்தப் பாடலின் சொற்கள் தொடங்குவதற்கே எட்டு நிமிடத்துக்கு மேல் ஆகிறது. இல்லாத மனிதரின் இடத்தை இசை முதலில் காலியாக விட்டுவைக்கிறது. ஆசிரியர் பெயர்கள் மூன்று. மேசன் பெயர் இல்லை.

சுவர் எழுந்த விதம்

1977 ஜனவரியில் வந்த 'அனிமல்ஸ்' ஆல்பத்தில் ஐந்து பாடல்கள். நான்கு வாட்டர்ஸ் மட்டும் எழுதியவை. பதினேழு நிமிடம் ஓடும் 'டாக்ஸ்' மட்டும் கில்மோரோடு சேர்ந்தது. குழுவின் வரலாற்றில் முதன்முறையாக ரைட்டின் பெயர் எந்தப் பாடலிலும் இல்லை. என் கணக்கில் கோடு கிழிக்க வேண்டிய இடம் இதுதான். பாரெட் விலகிய 1968ஐ விடவும், வெற்றி வந்த 1973ஐ விடவும், இந்த ஆண்டில்தான் குழுவின் வேலைமுறை மாறியது. ஒலியில் உடனே தெரியும் மாற்றம் இது. கிட்டார் கூர்மையாகிறது, கீபோர்டு பின்னுக்குப் போகிறது, இசை காத்திருப்பதை நிறுத்திவிட்டு வாதாடத் தொடங்குகிறது.

அந்த ஆண்டு ஜூலை 6 அன்று, மாண்ட்ரியலின் ஒலிம்பிக் விளையாட்டரங்கில், கூச்சலிட்ட ரசிகர் ஒருவர்மீது வாட்டர்ஸ் மேடையிலிருந்து துப்பினார். தனக்கும் கேட்பவருக்கும் நடுவே ஒரு சுவர் எழுந்துவிட்டது என்ற அதிர்ச்சியிலிருந்து 'தி வால்' பிறந்தது. 1978இல் வாட்டர்ஸ் தன் வீட்டில் பதிவுசெய்த இரண்டு முழுநீள மாதிரிகளைக் கொண்டுவந்தார். எதைச் செய்யலாம் என்று மற்றவர்கள் தேர்ந்தெடுத்தார்கள். இன்னொன்று பின்னர் அவருடைய தனி ஆல்பமானது. 1971இன் காட்சியோடு இதை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அன்று நால்வரும் கையில் ஒன்றுமில்லாமல் கூடத்துக்குள் போனார்கள். இன்று ஒருவர் எல்லாவற்றையும் எழுதி முடித்துக் கொண்டுவர, மற்றவர்களுக்கு எஞ்சியது தெரிவு மட்டுமே.

26 பாடல்களில் 22 வாட்டர்ஸ் மட்டும் எழுதியவை. மூன்றில் கில்மோரின் பெயர் சேர்கிறது, ஒன்றில் தயாரிப்பாளர் பாப் எஸ்ரின் பெயர். ரைட் பதிவின்போதே குழுவிலிருந்து வெளியேற்றப்பட்டார். 1980, 81 மேடை நிகழ்ச்சிகளில் சம்பளத்துக்கு வாசித்தார். 'மதர்' பாடலில் டிரம்ஸ் வாசித்தவர் ஜெஃப் போர்காரோ என்ற வெளிக்கலைஞர். ஆல்பம் வெளிவருவதற்கு முன் அதில் ஒரு பாடல்கூட மேடை ஏறியதில்லை.

இவ்வளவும் சொன்ன பிறகு, 'தி வால்' ஒரு பெரும் படைப்பு என்பதையும் சொல்லியாக வேண்டும். போரில் மாண்ட தந்தை, அடிக்கும் பள்ளிக்கூடம், மூச்சுமுட்ட அணைக்கும் தாய், வெறிகொண்ட கூட்டம் என்று ஒரு தனிவாழ்வின் வலி இருபதாம் நூற்றாண்டு ஐரோப்பாவின் வலியோடு பின்னிக்கொள்கிறது. கூட்டாக உட்கார்ந்து எழுதியிருந்தால் இந்தக் கூர்மை வந்திருக்காது. ஆனால் அந்த ஆல்பத்தில் உலகம் திரும்பத் திரும்பக் கேட்கும் 'கம்ஃபர்டபிளி நம்' எப்படி வந்தது? கில்மோர் தன் தனி ஆல்பத்துக்காக வைத்திருந்த மெட்டு, வாட்டர்ஸின் சொற்கள். மைக்கேல் கேமன் அமைத்த வாத்தியக்குழு இசையோடு ஒரு வடிவம், அது இல்லாமல் இறுக்கமான இன்னொரு வடிவம் என இரண்டு இருந்தன. எதை வைப்பது என்று இருவரும் கடுமையாக மோதி, கடைசியில் இரண்டிலிருந்தும் எடுத்து இணைத்தார்கள். அந்த ஆல்பத்தின் மிகச் சிறந்த ஏழு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவான நேரம், வாட்டர்ஸ் குழுவில் இருந்த காலத்தில் பழைய முறை கடைசியாக ஒருமுறை வேலைசெய்த நேரம்.

1983 மார்ச்சின் 'தி ஃபைனல் கட்' இந்தத் திசையின் முடிவு. எல்லாப் பாடல்களும் வாட்டர்ஸுடையவை. அவர் எழுதியது, பிங்க் ஃப்ளாய்ட் வாசித்தது என்றே உறையில் அச்சிடப்பட்டது. ரைட் இல்லை. கில்மோர் தனித்து முன்னின்று பாடும் இடங்கள் ஒரே பாடலுக்குள் அடங்கிவிடுகின்றன. 1944இல் இத்தாலியின் அன்சியோ போர்முனையில் இறந்த தன் தந்தைக்கும், 1982 ஃபாக்லாந்து போருக்குப் பிந்தைய பிரிட்டனுக்கும் வாட்டர்ஸ் எழுதிய இரங்கற்பா அது. சொற்களாக வாசித்தால் நெஞ்சைத் தொடுகிறது. இசையாகக் கேட்டால், சொற்களைச் சுமப்பதைத் தவிர இசைக்கு வேறு வேலை கொடுக்கப்படவில்லை.

பெயர்ப் பட்டியலை எவ்வளவு நம்பலாம்?

இங்கே நியாயமான ஆட்சேபங்கள் எழும். ஆசிரியர் பெயர் என்பது உரிமத்தொகையோடு பிணைந்தது, ஆகவே அது பேரத்தின் விளைவாகவும் இருக்கலாம். 'டார்க் சைட்' ஆல்பத்தின் தொடக்கமான 'ஸ்பீக் டு மீ' மேசன் பெயரில் இருக்கிறது. அதை அன்பளிப்பாக விட்டுக்கொடுத்ததாக வாட்டர்ஸ் பின்னாளில் சொன்னார். 'தி கிரேட் கிக்' பாடலில் சொற்களே இல்லாமல் தன் குரலால் ஒரு முழு இசையை வார்த்த கிளேர் டோரிக்கு 1973இல் கிடைத்தது 30 பவுண்டு. வழக்குத் தொடுத்து, 2005இல் சமரசம் ஆன பிறகே அவருடைய பெயர் ரைட்டின் பெயரோடு சேர்ந்தது. முப்பதாண்டுகளுக்கு மேல் பட்டியல் ஒரு உண்மையை மறைத்தது.

ஆகவே பட்டியலை மட்டும் சான்றாகக் கொள்ளக் கூடாது. உருவான முறை, மேடையில் சோதித்தார்களா என்பது, காதில் விழும் ஒலி ஆகியவற்றோடு சேர்த்தே அதை எடைபோட வேண்டும். நான்கும் ஒரே திசையைக் காட்டும்போது முடிவு வலுப்பெறுகிறது. இங்கே அவை ஒரே திசையைத்தான் காட்டுகின்றன.

தொழில்நுட்ப விளக்கத்தையும் இந்த இடத்தில் எடைபோடலாம். தடங்கள் பெருகியதால் ஒவ்வொருவரும் தனித்தனியே பதிவுசெய்ய முடிந்தது, ஆகவே குழு பிரிந்தது என்பது கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கூட்டுமுயற்சியின் சிகரமான 'டார்க் சைட்' பதிவானதே பதினாறு தடங்களில்தான். 'மெடில்' பதிவின்போது, அபே ரோடில் அப்போது அந்த வசதி இல்லாததால், ஏர் ஸ்டுடியோவைத் தேடிப்போனார்கள். சேர்தல், பிரிதல் இரண்டுக்கும் கருவி வழிவிட்டது. பிரிவைக் கருவி உண்டாக்கவில்லை.

இன்னொரு ஆட்சேபம் கூடுதல் கனமானது. பாரெட்டையும் வாட்டர்ஸையும் ஒரே தட்டில் வைப்பது சரியா? முழுச் சமன் இல்லைதான். பாரெட்டின் பாடல்களில் மற்றவர்கள் நுழைய வாசல்கள் திறந்தே இருந்தன. பாடல் முடிந்ததும் மேடை எல்லோருக்கும் சொந்தமாயிற்று. 'தி வால்' ஆல்பத்தில் ஒவ்வொரு நொடியும் கதைக்கு அடமானம். இரண்டும் ஒருவர் எழுதியவை என்ற ஒற்றுமை இருந்தாலும், முதலாவதில் எழுதியவர் பாதியில் விட்டுப்போன இடத்தை மற்ற மூவரும் நிரப்பினார்கள். இரண்டாவதில் நிரப்ப எதுவும் விட்டுவைக்கப்படவில்லை.

1994: திரும்பி வந்த முறை

வாட்டர்ஸ் 1985 டிசம்பரில் விலகினார். பெயருக்கான சட்டப் போராட்டம் 1987 டிசம்பர் வரை நீண்டது. அந்த ஆண்டில் கில்மோர் தலைமையில் வந்த 'எ மொமெண்டரி லேப்ஸ் ஆஃப் ரீசன்' பல வெளிக்கலைஞர்களைக் கொண்டு உருவானது. பழைய ஒலியின் மேற்பூச்சு இருக்கிறது, உள்ளே குழு இல்லை. அதற்கு மேல் அதைப்பற்றிச் சொல்ல எனக்கு எதுவும் இல்லை.

1994இன் 'தி டிவிஷன் பெல்' பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது, விமர்சகர்கள் குறைவாகவே சொல்லியிருக்கிறார்கள். 1993இல் கில்மோர், மேசன், ரைட் மூவரும், பேஸ் கிட்டார் வாசித்த கை பிராட்டோடு, எந்தப் பாடலும் கையில் இல்லாமல் ஓர் அறையில் உட்கார்ந்து வாசித்தார்கள். அறுபதுக்கும் மேற்பட்ட துண்டுகள் சேர்ந்தன. அவற்றிலிருந்து ஆல்பத்தைக் கட்டினார்கள். இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன் 'எக்கோஸ்' பிறந்த அதே வழி. பதினொரு பாடல்களில் ஐந்தில் ரைட்டின் பெயர் இருக்கிறது. 'டார்க் சைட்' ஆல்பத்துக்குப் பிறகு முதன்முறையாக ஒரு பாடலை அவர் முன்னின்று பாடுகிறார். கில்மோரும் ரைட்டும் சேர்ந்து அமைத்த 'மரூன்ட்' என்னும் கருவியிசைக்கு கிராமி விருது கிடைத்தது. சொற்களில் பெரும்பகுதி கில்மோரும் எழுத்தாளர் பாலி சாம்சனும் சேர்ந்து எழுதியவை. வாட்டர்ஸின் சொற்களிலிருந்த தார்மீகக் கோபம் அவற்றில் இல்லை. அந்த இழப்பு பெரியது. ஆனால் இசை மீண்டும் காத்திருக்கக் கற்றுக்கொண்டிருக்கிறது.

முற்காலம், பிற்காலம் என்று இரண்டாகப் பிரிப்பவர்களிடம் இந்த ஆல்பத்துக்கு இடமே கிடையாது. கால வரிசையில் அது கடைசிப் பகுதி, உருவான முறையில் அது 1971ஐச் சேர்ந்தது. ரைட் 2008 செப்டம்பரில் இறந்தார். அவர் 1993இல் வாசித்து, பயன்படாமல் கிடந்த பதிவுகளை அடிப்படையாகக் கொண்டு 'தி எண்ட்லெஸ் ரிவர்' 2014இல் வெளிவந்தது. ஒரு பாடலைத் தவிர அது முழுக்கவும் கருவியிசை.

இந்தக் குழுவைப் புதிதாகக் கேட்கத் தொடங்கும் தமிழ் வாசகருக்கு ஒரு வேண்டுகோள். எல்லோரும் கைகாட்டும் 'டார்க் சைட்' ஆல்பத்தையோ 'தி வால்' ஆல்பத்தையோ முதலில் எடுக்க வேண்டாம். 'மெடில்' ஆல்பத்தின் இரண்டாம் பக்கத்தை நிறுத்தாமல், வேறு வேலை எதுவும் செய்யாமல், ஒருமுறை முழுதாகக் கேளுங்கள். அதன் பிறகு பின்னோக்கி 'பைப்பர்' ஆல்பத்துக்கும் முன்னோக்கி 'தி வால்' ஆல்பத்துக்கும் போனால், இரண்டிலும் யார் பேசுகிறார்கள், யார் பேசாமல் இருக்கிறார்கள் என்பது உங்கள் காதுக்கே தெரியும்.